கற்பூரம் அணைகிற வரைக்கும்

பூசாரி வேலையில் கற்பூரம் ஏற்றுவது சுலபம். அது அணைகிற வரைக்கும் ஆட்களை நிற்க வைப்பதுதான் பெரும்பாடு. கோயில்களில் தட்டுப் பிடிக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மணியடிக்கும்போதே பாதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள். மலேசியாவில் புக்கிட் பெலிம்பிங் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இதைப் பார்த்துப் பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

பஸ் வந்துவிட்டது

ஃபேக்டரி பஸ் எங்கள் கோயில் வாசலில்தான் நிற்கும். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பெண் யூனிஃபார்மோடு ஓடி வருவாள். ஒருநாள் அம்மா முட்டிவலி, தம்பி பரீட்சை என்று வேண்டிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் ஹார்ன் அடித்துவிட்டான். “முடிச்சிட்டுப் போம்மா” என்று திருநீறை நீட்டினேன். நெற்றியில் இழுத்துக்கொண்டே ஓடினாள்.

“மத்ததெல்லாம் ஆத்தாவுக்கே தெரியும்லா, அங்கிள்!”

மண்டோர் வேண்டினால்

மாணிக்கம் அண்ணன் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோராக இருந்தவர். வேலையை விட்டும் அந்தக் குரல் போகவில்லை. ஆத்தாவிடமும் ஆள் ஏவுகிற மாதிரிதான் பேசுவார். அவர் சம்சாரம் லெட்சுமி அக்காவுக்கு இருதயத்தில் அடைப்பு. ஆபரேஷன் செய்தே ஆகணும், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவோ, மயக்க மருந்து கொடுத்தால் கண் முழிக்க மாட்டேன் என்று பயந்துகொண்டு, வரவே மாட்டேன் என்றது.

தீபாராதனை முடிகிற நேரம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, “ஆத்தா, இவ மனச மாத்து. சாக்குப்போக்கு சொல்லக் கூடாது. கேட்டுச்சா?” என்றார். பக்கத்தில் நின்ற அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னது:

“இப்படி வெரட்டுனா ஆத்தா வேற தோட்டத்துக்கு மாறிப் போயிடுவா.”

இரண்டு பொட்டலம்

கடைசியில், பூப் போட்டுக் கேட்போம் என்று அக்காவே இறங்கி வந்தது. வெள்ளை வந்தால் ஆபரேஷன். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. நான் ஒரு நந்தியாவட்டையும் ஒரு செம்பருத்தியும் கொடுத்தேன். வெற்றிலையில் தனித்தனியாக மடித்துக் கட்டுகிறேன் என்று அண்ணன் தண்ணீர்க் குழாய் பக்கம் போனார். அங்கேதான் நந்தியாவட்டைச் செடி நிற்கிறது.

அவர் வந்த பிறகு சொம்பு அலம்பப் போனேன். குழாயடியில் நான் கொடுத்த செம்பருத்தி கிடந்தது. உள்ளே வந்து ஆத்தா காலடியில் இரண்டு பொட்டலத்தையும் வைத்துக் கற்பூரம் காட்டினேன். அக்கா ஒன்றை எடுத்துப் பிரித்தது. வெள்ளை.

மற்றதையும் பிரித்துக் காட்டுவதுதான் எங்கள் வழக்கம். அண்ணன் முகம் வேர்த்துக் கொட்டியது. நான் கையை நீட்டுவதா வேண்டாமா என்று நின்றேன். அக்கா அந்தப் பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஆத்தாவை ஒரு முறை பார்த்துத் தலையை ஆட்டியது. பிறகு என்னிடம் திருநீறு கேட்டது.

“பிரிக்க வேணாம் தம்பி. இந்த மனுஷன் கட்டுற லட்சணம் எனக்குத் தெரியாதா? வெள்ளைன்னு வச்சுக்குவோம். நான் போறேன்.”

அதற்கு அப்புறம்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, உடம்பு தேறி, ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கற்பூரம் தானாக அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தது. உதடு அசையவில்லை. அண்ணன்கூட அன்றைக்கு ஆத்தாவுக்கு வேலை ஏதும் ஏவவில்லை. “என்னக்கா, வேண்டிக்கலையா?” என்றேன்.

“கேக்க ஒண்ணும் இல்ல தம்பி. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

இத்தனை வருஷமாக ஊரார் வேண்டுதலை முடித்து வைக்கிறவன் நான்தான் என்று மிதப்பாக இருந்தேன். நான் வெறும் தட்டுப் பிடிக்கிறவன், அவ்வளவுதான்.