ஜெபகுமார் தலையெடுத்தாரா?

ஜெபகுமார் தலையெடுத்துவிட்டாரா இல்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பு செங்கல்பட்டு கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது. புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் கேட்டிருந்தால் மத்தி எடை போடுகிற நேரத்துக்குள் சொல்லியிருப்பார்கள். ஆனால் இது உயில் சமாசாரம். மார்க்கெட் தீர்ப்பு செல்லாது.

ஜெபகுமாருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. அப்பா கட்டிய வீட்டின் முன்னறையில் ‘ஜே.கே. சவுண்டு சர்வீஸ்’ நடத்துகிறார். பின்னறையில் மனைவி எஸ்தரோடு குடித்தனம். நடுவில் சுவர் கிடையாது. ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள்தான் சுவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஜெபக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவார். போன இடத்திலெல்லாம் மைக் ‘கீ’ என்று கத்தும். மண்டபம் கட்டினவன் செய்த தப்பு என்பார். அதற்கு முன்னால் மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்கு வாடகை சைக்கிள் விட்டார். பாதி சைக்கிள் பாண்டிச்சேரி வரைக்கும் போய் அங்கேயே செட்டில் ஆகிவிட்டது. அதற்கும் முன்னால் இறால் ஊறுகாய். அந்தக் கதையை அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

அப்பா தானியேல் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் தோட்ட வேலை பார்த்தவர். வீடும், அதன் பின்னால் தனிச் சந்து வைத்த காலி மனையும் மகள் ஜாய்ஸுக்கும் மகன் ஜெபகுமாருக்கும் சமபாகம் என்று உயில் எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதில் ஒரே ஒரு வரிதான் வில்லங்கம்: “என் பிள்ளைகள் தலையெடுத்துப் பலன் தரும் வரை மேற்படி சொத்தை யாரும் விற்கக் கூடாது.”

ஜாய்ஸ் படூரில் அபார்ட்மெண்ட் வாங்கி, ஐடி கம்பெனிக்குப் போய்வருகிறார். வீட்டுக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. மொத்தமாக விற்றால்தான் விலை என்று புரோக்கர் சொல்லிவிட்டார். “நாமதான் தலையெடுத்துட்டோமே, வித்துடலாம்டா” என்றார் ஜாய்ஸ். “நீ எடுத்துட்ட. நான் இன்னும் எடுக்கலியே” என்றார் ஜெபகுமார். விற்றால் கடையும் போகும், வீடும் போகும். பாதிப் பணத்தில் அந்தப் பக்கம் ஸ்பீக்கர் பெட்டி வைக்கக்கூட இடம் கிடைக்காது. ஜாய்ஸ் கேஸ் போட்டார்.

ஒரு விஷயம் ஜெபகுமாருக்கு மட்டும்தான் தெரியும். அப்பா சொன்ன பிள்ளை அவர் இல்லை, தென்னம்பிள்ளை. உயில் எழுதிய வருஷம்தான் பின்மனையில் ஐந்து கன்று வைத்தார் தானியேல். அவருக்குக் கன்று என்று சொல்லவே வராது. “பிள்ளைக்குத் தண்ணி ஊத்தினியாடா?” என்றுதான் காலையில் மகனை எழுப்புவார். ஜாய்ஸ் அப்போது சென்னையில் ஹாஸ்டலில் இருந்ததால் அவருக்கு இது தெரியாது. ஐந்தும் இப்போது கூரைக்கு மேல் தலையெடுத்துக் குலை குலையாகத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. இதை வெளியே சொன்னால் அன்றைக்கே தடை நீங்கிவிடும். ஆகவே ஜெபகுமார் வாயை மூடிக்கொண்டார். அவர் வாயை மூடியதை ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவருடைய வக்கீல் நூர்முகமது விஷயத்தை நறுக்கென்று சொன்னார். “எழுதினவர் மனசுல இன்னா நெனச்சாரோ அதான் கணக்கு. கோர்ட்டு அதைத்தான் தேடும். நீ தேறாத கேஸுன்னு நாம நிரூபிக்கணும்.”

“தேறாத கேஸா? மாச வருமானம் கொறச்சல்னு சொன்னா போதாதா பாய்?”

“போதாது. முழுசா தேறாம இருக்கணும்.”

எஸ்தர் மிகுந்த உற்சாகத்தோடு ஒத்தாசைக்கு வந்தார். கல்யாண வீட்டில் ஒப்பாரிப் பாட்டு ஓடியது, அமைச்சர் பேசும்போது மைக் ஷாக் அடித்தது, கிறிஸ்துமஸுக்குக் கட்டிய சீரியல் லைட்டில் தெருவே இருண்டது எல்லாவற்றையும் வக்கீலிடம் வரிசையாக ஒப்பித்தார். இத்தனை வருஷம் மனசில் தேக்கி வைத்திருந்தார் போல. கடைசியில் ஊறுகாய்க்கும் வந்தார். வக்கீல் அசந்துபோய், இதில் பாதியே போதும், மீதியை அப்பீலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்.

தேறாத ஆளாக நடிப்பது ஜெபகுமாருக்கு லேசில் வரவில்லை. கடையில் மாட்டியிருந்த ‘சிறந்த தொழில்முனைவோர்’ கேடயத்தைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் வைக்கச் சொன்னார்கள். அவரே காசு கொடுத்துச் செய்துகொண்ட கேடயம் அது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. கோர்ட்டுக்குப் போன அன்று டவாலியிடம் ‘டி. ஜெபகுமார், புரொப்ரைட்டர்’ என்ற விசிட்டிங் கார்டை நீட்டிவிட்டார். நூர்முகமது ஓடிப்போய் அதை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஜெபகுமார் கூண்டில் ஏறியதும் ஜாய்ஸின் வக்கீல் லக்ஷ்மிநாராயணன் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார். திட்டுவார் என்று தயாராக வந்திருந்தவருக்கு, வக்கீல் புகழ ஆரம்பித்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

புயல் வந்தபோது குப்பத்தில் மைக் கட்டி எல்லாரையும் மேட்டுக்கு வரவழைத்தது நீங்கள்தானே, ஒரு பைசா வாங்கவில்லையே என்று கேட்டார் வக்கீல். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஜெபகுமார் நிமிர்ந்து நின்றார். ஏழை வீட்டு விசேஷத்துக்கு இன்றைக்கும் பாதி வாடகைதானே? ஆமாம் என்று சட்டைக் காலரைச் சரிசெய்தார். நூர்முகமது பலமாக இருமினார். நீதிபதி அம்மா அவரைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

“அக்கா கல்யாணத்துல பந்தி செலவு ஏறிப் போனப்போ, யாருக்கும் சொல்லாம உங்க ஆம்ப்ளிஃபயரை வித்து சமையக்காரருக்குக் குடுத்தீங்க. சரிதானே?”

ஜெபகுமாருக்குக் காலர் மறந்துபோயிற்று. அது எஸ்தருக்கே தெரியாது. “இத்த யாரு சார் சொன்னது?”

“உங்க அக்காதான். நான் இப்ப கேட்டதெல்லாமே அவங்க சொன்னதுதான். இப்படிப்பட்டவர் தலையெடுக்கலைன்னு எப்படிங்க சொல்றீங்க?”

ஜெபகுமார் திரும்பிப் பார்த்தார். ஜாய்ஸ் கைப்பைக்குள் தலையை விட்டு இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தார். கேஸ் ஜெயிப்பதற்காகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கேஸ் வருவதற்கு முன்பிருந்தே இவ்வளவையும் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். தேறாதவன் என்று சொல்ல வாயைத் திறந்தவர், அதை விட்டுவிட்டு நீதிபதி பக்கம் திரும்பினார். எத்தனையோ மைக் முன்னால் நின்றவர், மைக் இல்லாத இடத்தில் குரல் கம்மிப் பேசினார்.

“அம்மா, புள்ளைன்னு எங்க நைனா எங்கள சொல்லல.”

“பின்னே யாரை?” என்றார் நீதிபதி.

“தென்னம்புள்ள. பின்னாடி மனையில அஞ்சு கீது. நைனா அதத்தான் புள்ள புள்ளன்னு கொஞ்சிகினு இருப்பாரு.”

“காய்க்குதா?”

“கொல கொலயா காய்க்குதும்மா. நாங்கதான் காய்க்கல.”

கோர்ட்டே சிரித்தது. நூர்முகமதுவுக்கு இருமல் தானாக நின்றுவிட்டது. நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு பொறுமையாக விளக்கினார்: மரம் காய்த்துவிட்டால் உயிலில் உள்ள தடை தீர்ந்தது, யார் வேண்டுமானாலும் பாகம் கேட்கலாம். ஆனால் கேட்டவுடன் விற்றுக் கொடுப்பது கோர்ட்டின் வேலை இல்லை. பிரிக்கவே முடியாத சொத்தாக இருந்தால்தான் விற்கச் சொல்லி உத்தரவு போட முடியும். பிரிக்க முடியுமா என்று அக்காவும் தம்பியும் பேசிவிட்டு மத்தியானம் வந்து சொல்லுங்கள் என்றார்.

வராண்டாவில் ஜாய்ஸ் கொதித்துக்கொண்டிருந்தார். தம்பி அடி வாங்கத் தயாராக நின்றார். ஆனால் கோபம் தம்பி மேல் இல்லை.

“அப்போ அந்த வரியில நான் இல்லியாடா?”

“நீயும் இல்ல, நானும் இல்ல.”

“ஆபீஸ்ல பேஜாரா இருக்கிறப்போல்லாம் அதைத்தான்டா நெனச்சுப்பேன். அப்பா நம்மள நெனச்சு எழுதியிருக்காரேன்னு.” ஜாய்ஸ் உயில் நகலை எடுத்து விரலால் குத்தினார். “இங்க பாரு. பெத்த நம்ம ரெண்டு பேருக்கும் ‘மேற்படி நபர்கள்’. அந்த மரத்துக்கு ‘என் பிள்ளைகள்’.”

ஜெபகுமார் குனிந்து பார்த்தார். ஆமாம், அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றிய மேற்படி நபருக்கும் அப்போதுதான் சுருக்கென்றது. ஊர் முழுக்கச் சிரித்தாலும், தன்னை நினைத்து ஒருத்தர் கவலைப்பட்டு எழுதியதாக ஊர் நம்பியது அவருக்கு உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

“நல்லா செஞ்சாரு அக்கா, நைனா” என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து அப்பாவைத் திட்டினார்கள். திட்டத் திட்டப் பசித்தது. எதிரே கடையில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே பாகமும் பிரிந்துவிட்டது. முன்னால் இருக்கும் வீடு ஜெபகுமாருக்கு, பின்மனை ஜாய்ஸுக்கு. மொத்தமாக விற்றால் வரும் விலை வராது. பரவாயில்லை, கடனில் பெரும்பகுதி அடையும் என்று ஜாய்ஸ் இரண்டாவது பரோட்டாவைப் பிய்த்தார்.

“மொதல்ல அந்த அஞ்சு பேரையும் சேத்து வித்துட்டுத்தான் மறுவேலை” என்றார்.

சமரச மனு எழுத உட்கார்ந்த நூர்முகமதுவின் பேனாவைப் பிடித்து நிறுத்தினார் ஜெபகுமார்.

“பாய், ஒரு ஷரத்து சேருங்க. வாங்கறவன் வெட்டக் கூடாது. கோடையில தண்ணி ஊத்தணும். வண்டு வந்தா பாக்கணும்.”

“உனக்கு இன்னாடா அவ்ளோ அக்கற?” என்றார் ஜாய்ஸ்.

“இன்னா பண்றது? கூடப் பொறந்ததுங்க ஆயிடுச்சே.”

ஜாய்ஸ் பேனாவிலிருந்து தம்பியின் கையை எடுத்துவிட்டார். பிறகு வக்கீல் பக்கம் திரும்பினார்.

“எழுதாதீங்க பாய். கூடப் பொறந்தது யாருன்னு கேட்டு இன்னொரு கேஸ் நடக்கும். நல்ல எடமா நானே விசாரிச்சுக் குடுக்கறேன்.”