நிருஷன் நிறுத்திய இடம்

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் என் போன் திருத்தும் கடைக்கு வரலாம். மேசையும் அதன் இழுப்பறையான லாச்சியும் அப்படியே இருக்கின்றன. நான்தான் மத்தியானத்தில் அங்கே உட்காருவதில்லை.

பேய் என்றால் நடுச்சாமமும் நாய் ஊளையும் எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்க வேண்டும். எனக்கு நடந்தது பட்டப்பகலில், பலாலி வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஓடும் நேரத்தில்.

எனக்குப் பழைய வீடியோ கேம் பைத்தியம். அதிலும் ஒன்று என் உயிர். பெயரைத் தமிழில் சொன்னால் ‘வீடு சேர்த்தல்’. ஜப்பானில் மட்டும் வெளிவந்தது. அங்கேயும் விற்கவில்லை. செய்த கொம்பனியும் மூடிப்போனது. யாரோ நாலு ரசிகர்கள் ஆங்கிலத்தில் மாற்றி இணையத்தில் போட்டபடியால்தான் நான் கணினியில் விளையாடினேன். நாலு தடவை முடித்தேன். நாலு தடவையும் அழுதேன்.

மற்றக் கேம்களில் கூட வருபவன் செத்தால் ஆள் மறைந்துவிடுவான், அவ்வளவுதான். இதில் அவனுடைய படுக்கைச் சுருளை நீங்கள் தோளில் சுமக்க வேண்டும். நடை மெதுவாகும். பாட்டும் மெதுவாகும். அவன் ஊரைத் தேடிப் போய், வீட்டுக் கதவைத் தட்டி, தாயிடம் சொல்ல வேண்டும். சொல்லும்வரை பாரம் இறங்காது. இப்படி ஒன்றை யோசித்தவனைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் உலகத்தில் அநேகமாக ஒருவருக்குமே அது இருந்தது தெரியாது.

அதன் அசல் கசெட் சண்டிலிப்பாய்க் கிராமத்தில் ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் கிடக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மெஷின் ஒன்றைத் திருத்த வேண்டும் என்று கூப்பிட்டது அந்த ஊர்ச் சிவகௌரி அக்கா. அவருடைய தம்பி நிருஷன், 2007 செப்டம்பர் 27, வியாழக்கிழமை ரியூசனுக்குச் சைக்கிளில் போனவன். திரும்பி வரவில்லை. பொடியன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த யுத்த காலம் அது. வயது பதினேழு. கையடக்க கேம் மெஷினும் கசெட்டும் ஜப்பானில் கார் ஏற்றுமதி செய்த மாமா கொடுத்தவை.

“அம்மாவுக்கு இனி எத்தினை நாளோ தெரியாது. அவன் விளையாடி விட்ட இடத்தை ஒருக்கால் அவவுக்குக் காட்ட வேணும், தம்பி,” என்றார் அக்கா.

அம்மா செல்வநாயகி விறாந்தைக் கட்டிலில் கிடந்தார். இரண்டு மாதமாக நடக்கவில்லை. அருகில் ஸ்டூலில் ஒரு தட்டு. சோறு, கறி, மேலே இன்னொரு தட்டால் மூடியிருந்தது. நான் அதைப் படையல் என்று நினைத்துவிட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை.

“இண்டைக்குத் தம்பியின்ரை திவசமோ?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் பதில் சொன்னார். “அவனுக்குத் திதி இல்லை, மோனை. நாள் தெரியாமல் என்னெண்டு திவசம் செய்யிறது? வந்தால் பசிக்கும் எண்டு வைக்கிறன்.”

பதினேழு வருடமாக ஒவ்வொரு மத்தியானமும் வைக்கிறாராம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மெஷினைக் கடைக்குக் கொண்டுவந்து, திங்கட்கிழமை திருத்தி முடித்தேன். மத்தியானம் 12.41. திரை எரிந்தது. சேமித்த ஆட்டம் ஒன்றே ஒன்று. இந்தக் கேமுக்காகவே நான் கொஞ்சம் பழகியிருந்த ஜப்பானிய எழுத்தில் பெயர்: நிருஷன். விளையாடிய நேரம் 39 மணி 12 நிமிடம். திறந்தேன். ஒரு ஏரிக்கரை. நிருஷனும் ஒரு தோழனும் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

அன்றைக்கே அதைச் சண்டிலிப்பாய்க்குக் கொண்டுபோயிருக்க வேண்டும். போகவில்லை. கசெட்டுக்குள் ஒரு சின்னப் பற்றரி இருக்கும். நிறுத்திய இடத்தை ஞாபகம் வைத்திருப்பது அதுதான். அது செத்தால் எல்லாம் அழிந்துவிடும். பஸ் குலுக்கலில் போய்விடுமோ என்று பயந்தேன். பிரதி எடுக்கும் கருவி கொழும்பிலிருந்து வெள்ளிக்கிழமை வரும், அதுவரை பொறுங்கள் என்றேன். அக்கா, “ஓம் தம்பி, நீங்கள் சொன்னால் சரி,” என்றார்.

செவ்வாய். 12.41. லாச்சிக்குள் பாட்டுக் கேட்டது... அந்தக் கேமில் நடக்கும்போது வரும் பாட்டு. எடுத்துப் பார்த்தேன். 39 மணி 40 நிமிடம். ஏரியைக் காணவில்லை. காடு. நான் ஒன்றும் விளையாடவில்லை, சேமிக்கவும் இல்லை. லாச்சியை மூடும்போது பொத்தான் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மெஷினிலிருந்த நாலு பற்றரிகளையும் கழற்றி வைத்தேன்.

புதன். 12.41.

பாட்டு.

இப்போது மெதுவாக...

நாலு பற்றரிகளும் என் கண்முன் மேசையில் இருந்தன. திரை எரிந்துகொண்டிருந்தது. தோழன் மட்டும் தனியே நடந்தான். தோளில் ஒரு படுக்கைச் சுருள். ஆட்களின் பட்டியலைத் திறந்தேன். நிருஷன். பக்கத்தில் ஒரே ஒரு சொல்: இறந்தான்.

அந்தக் கேமில் நாயகன் சாகமாட்டான். விழுந்தால் சத்திரத்தில் கண் விழிப்பான். நாலு தடவை முடித்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு நிலை அதில் கிடையாது.

அக்காவிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

வியாழன். கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு மெஷினை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

12.41. தோழன் ஒரு ஊருக்குள் வந்தான்.

12.44. ஒரு வீடு. மூடிய கதவு.

டக்... டக்... டக்...

12.46. ஒரு கேள்வி வந்தது. எனக்கு மனப்பாடமான கேள்வி. ‘சொல்லவா?’ கீழே ஆம், இல்லை.

‘இல்லை’ என்றால் அவன் திரும்பி நடப்பான். சுமந்துகொண்டே நடப்பான். எனக்கு அது தாங்கவில்லை. அவன் பாரம் இறங்கட்டும் என்றுதான் நினைத்தேன். அந்தத் தாயை நினைக்கவில்லை.

ஆம்.

12.47. திரை அணைந்தது.

ஒரு மணி ஐந்துக்கு அக்காவின் அழைப்பு.

“அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா, தம்பி.”

கசெட்டைத் திறந்து பார்க்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. உள்ளே பற்றரி கசிந்து பச்சை பிடித்திருந்தது. அது செத்து எத்தனையோ வருடம் இருக்கும். வெள்ளிக்கிழமை வந்த கருவியில் போட்டுப் பார்த்தேன். சேமித்த ஆட்டம் எதுவுமே அதில் இல்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று சண்டிலிப்பாய்க்குப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அதற்கு முதல் அக்கா என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“அண்டைக்குப் பன்னிரண்டே முக்கால் போலை அம்மா எழும்பி நடந்தவ. நான் குசினிக்குள்ளை சமைச்சுக்கொண்டிருந்தன். வாசலிலை ஆரோடையோ கதைக்கிற சத்தம் கேட்டுது. ‘ஓம்... ஓம் மோனை...’ எண்டு. ஓடிவந்து பாத்தன். ஒருத்தரும் இல்லை. அம்மா கதவைப் பிடிச்சபடி நிண்டவ. ‘புரட்டாதி, அபரபக்கத் திரயோதசி. எழுதி வை’ எண்டவ. போய்ப் படுத்தவ. பிறகு கதைக்கேல்லை.”

அபரபக்கம் என்றால் தேய்பிறை. அக்கா கையில் பழைய பஞ்சாங்கத்தின் தாள் ஒன்றை வைத்திருந்தார். ஐயரிடம் கேட்டு வாங்கியதாம். அவன் காணாமல்போன வருடம் அந்தத் திதி வந்தது ஒக்டோபர் 8.

நான் விரலை மடித்து எண்ணினேன். அக்கா முதலே எண்ணியிருந்தார்.

“பதினொரு நாள் எங்கையோ உயிரோடை இருந்திருக்கிறான், தம்பி,” என்றார். “நாங்கள் ஆறாம் நாளோடை பயத்திலை தேடுறதை விட்டிட்டம்.”