கணக்கில் வராத ஒருவர்

காரைக்கால் காவல்துறையில் வருடாந்திரக் குற்றப் புள்ளிவிவரம் தயாரிப்பது என் வேலை. பிடிபட்டவர்கள் முந்தைய வருடத்தைவிடக் கூடினார்களா, குறைந்தார்களா என்று வரைபடம் போட்டுக் கொடுப்பேன்.

போன வருடம் ஒரு நாள் நாகூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். நின்றுகொண்டிருந்த ஒரு அம்மா, "தம்பி, இதைச் செத்த வச்சுக்குங்க" என்று ஒரு பையை என் மடியில் வைத்தார். நம் பஸ்களில் இது வழக்கம்தானே! ஆனால் உள்ளே பாட்டில்கள் உரசும் சத்தம் கேட்டது. இங்கே மலிவாக வாங்கிய பிராந்தி, திருட்டுத்தனமாகத் தமிழ்நாட்டு எல்லை தாண்டப் போகிறது. புரிந்தும் திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது.

எல்லையில், வாஞ்சூர் சோதனைச்சாவடியில் ஏறிய எங்கள் காரைக்கால் போலீஸ்காரர், "சார், நீங்களா?" என்று சிரித்தபடி எனக்கு வணக்கம் வைத்தார். என் மடியைத் தொடவில்லை. அந்த அம்மாவின் தோளில் இருந்த இன்னொரு பையைத் திறந்தார். அதிலும் பாட்டில்கள்.

"கூட யாரும்மா வந்தது?"

"யாருமில்லீங்க. தனியாத்தான் வந்தேன்."

போலீஸ்காரரோடு இறங்கும்போது அந்த அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். அவருடைய பை என் மடியிலேயே இருந்தது.

வருடக் கடைசியில் அந்த அம்மாவையும் சேர்த்துத்தான் கூட்டினேன். 'பிடிபட்டவர்கள் எண்ணிக்கை குறைந்திருக்கிறது' என்று வரைபடத்தின் கீழே எழுதினேன். அதிகாரி கை கொடுத்தார்.

இப்போது பஸ்ஸில் வெறுங்கையோடு உட்கார்ந்தாலும் மடி கனக்கிறது.