மதி மதி என்ற மலையாளத்துக்காரர்

கம்பத்தில் நான் வேலை பார்த்த ஏலக்காய்க் கிடங்கை இப்போது தாண்டிப் போனால் வாசனையே இல்லை. அன்றைக்கெல்லாம் வீட்டுக்குப் போய்த் தலை முழுகினாலும் அது போகாது. "பாயாசச் சட்டி வந்துருச்சு" என்று வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். எரிந்து விழுவேன். இப்போது அந்த வாசனைக்கு மனசு கிடந்து ஏங்குகிறது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே பயந்துகிடந்த காலம். பெண்கள் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து காய் தரம் பிரிப்போம். கிடங்கு முழுவதையும் பார்த்துக்கொண்டது மேஸ்திரியக்கா. வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். ஆம்பளைகளையும் அவர்தான் வேலை வாங்குவார், சத்தமே போடாமல்.

தராசில் இரண்டு பேர். ஜெயமங்கலத்துக்காரர் கூடையில் அள்ளித் தட்டில் கொட்டுவார். மலையாளத்துக்காரர் முள்ளைப் பார்த்து நிறுப்பார். மலைக்கு மேலே அரிசி கிடைக்காமல், மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு குமுளி வழியாக இறங்கி வந்தவர் அவர். இந்த வேலை போனால் குடும்பம் பட்டினிதான்.

இருவருக்கும் ஆகவே ஆகாது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் காலையில் ஜெயமங்கலத்துக்காரர் கூடையை வீசிவிட்டு மற்றவர் சட்டையைப் பிடித்துவிட்டார். தரையெல்லாம் ஏலக்காய். சத்தம் கேட்டு முதலாளி வந்தார்.

"சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேருல ஒருத்தன அனுப்பிரு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

யார் போவார் என்பது தெரிந்ததுதானே, மலை தாண்டி வந்தவர்தான். மலையாளத்துக்காரர் முகம் வெளிறிப்போனது.

நானாக இருந்தால் இரண்டு பேரையும் வெளியே தள்ளியிருப்பேன். அக்கா ஜெயமங்கலத்துக்காரரை எங்கள் பக்கத்திலேயே ஒரு மூட்டைமேல் உட்காரவைத்து, "சொல்லுப்பா" என்றார்.

"திமிர் புடிச்சவன்க்கா" என்று ஆரம்பித்தார். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் நிறுத்தினால் "ம்" என்பார், காத்திருப்பார். எனக்குத்தான் பொறுமை போயிற்று.

கடைசியில் உடைத்துச் சொன்னார். "நான் கொட்டுறப்பல்லாம் 'மதி, மதி'ங்கிறான்க்கா. இத்தன பொம்பளைகளுக்கு முன்னால. நான் எதுக்கு அவன மதிக்கணும்? அவன் என்ன ஜமீனா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மலையாள எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அது பழகிய சொல். பெரியகுளம் பக்கத்து ஜெயமங்கலத்து மனுசனுக்கு எப்படித் தெரியும்? சொல்லிவிட வாயைத் திறந்தேன். அக்கா ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன்.

பிறகு மற்றவரையும் கூப்பிட்டு அதே மாதிரி கேட்டார். "நான் எந்து செய்தேன்னு தெரியலக்கா" என்று அவர் அழுதுவிட்டார்.

மத்தியானம் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தார் அக்கா. தம் செம்பிலிருந்து மலையாளத்துக்காரரின் கிண்ணத்தில் மோர் ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். கிண்ணம் தளும்பியது.

"மதி அக்கா, மதி!" என்று அவர் கையால் மறைத்தார்.

அக்கா நிறுத்திவிட்டு ஜெயமங்கலத்துக்காரர் பக்கம் திரும்பினார். "ஒனக்கும் ஊத்தவாப்பா? போதும்னா சொல்லு."

அவர் கிண்ணத்தையே பார்த்தார். "அடக் கெரகமே, போதும்ங்கிறதுக்கா அந்தப் பேச்சு?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், புரையேறும்வரை நிறுத்தவில்லை. அவர் தலையில் தட்டிவிட்டது மலையாளத்துக்காரர்தான்.

சாயங்காலம் முதலாளி வந்து, யாரை அனுப்பினாய் என்று கேட்டார். "ரெண்டு பேரும் இருக்காக மொதலாளி. வேலை நடக்குது" என்றார் அக்கா. முதலாளி தராசைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு மலையாளத்துக்காரர் "போதும்" என்று சொல்லப் பழகிக்கொண்டார். ஜெயமங்கலத்துக்காரரோ வேண்டுமென்றே, "மதியா, மதியா?" என்று கேட்டுக்கேட்டுக் கொட்டுவார்.

ஜப்பான் சண்டை முடிந்ததும் மலையாளத்துக்காரர் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினார். வழியனுப்ப எல்லாரும் பஸ்ஸடிக்குப் போனோம். ஜெயமங்கலத்துக்காரர் ஒரு வாழைத்தாரையே கொண்டுவந்து, சீப்புச் சீப்பாக அவர் பையில் திணித்தார்.

"போதும், போதும்" என்றார் மலையாளத்துக்காரர்.

"அந்தப் பேச்சு எனக்குப் புரியாதுப்பா. ஒன் பேச்சுல சொல்லு, நிறுத்துறேன்."

மலையாளத்துக்காரர் வாயைத் திறந்தார். 'மதி' என்ற அந்தச் சொல் வரவே இல்லை. பை நிறைந்து வழிந்த பிறகும் ஜெயமங்கலத்துக்காரர் பழத்தை வைத்துக்கொண்டே இருந்தார்.