ஒன்றை மட்டும் மாற்று

விஜயநகரில் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஜன்னலோரம் அவரை விதை போட்ட தொட்டிகளை வைத்து, சோதனை என்றால் என்ன என்று ஆரம்பிப்பேன். நாம் மாற்றுவது ஒன்று. அதனால் மாறுவது ஒன்று. மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். தண்ணீரையும் வெயிலையும் சேர்த்துக் குறைத்துவிட்டு, செடி எதனால் வாடியது என்று என்னிடம் வந்து நிற்காதீர்கள் என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அதே பள்ளியில் படிக்கும் என் மகளுக்கு ஆறாம் வகுப்பில் ஒற்றைத் தலைவலி வந்தது. வந்தால் வாந்தி எடுத்துச் சுருண்டு விடுவாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. எது வலியைக் கிளப்பிவிடுகிறது என்று கவனித்து, அதை விலக்கிப் பாருங்கள் என்றார் டாக்டர். இதை எனக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன?

மேல்கோட்டையிலிருந்து நாத்தனார் வந்தார். ஒரே நாளில் தலைக்குத் தைலம் தேய்த்து, திருஷ்டி கழித்து, பாலை நிறுத்திக் கஞ்சி கொடுத்தார். அந்த வாரம் வலி வரவில்லை. மூன்றில் எது கேட்டது என்று கேட்டேன். பெருமாளுக்குத்தான் வெளிச்சம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஊருக்குப் போனதும் எல்லாவற்றையும் நிறுத்தி, இனி இந்த வீட்டில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாறும் என்று சட்டம் போட்டேன்.

முதலில் சாக்லேட் போனது. வலி நிற்கவில்லை. அடுத்து டிவி, அதற்கடுத்து தெருப் பிள்ளைகளோடு ஆடும் ஷட்டில். பூஜை அறையில் சாம்பிராணிகூட நின்றது. கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பலன் தராததைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும், அதுதான் முறை. ஆனால் பெற்ற வயிறு அல்லவா, எதையும் திருப்பிக் கொடுக்கத் தைரியம் வரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தினமும் சாயங்காலம் கேட்பேன், இன்று வலித்ததா என்று. கடைசியாக, சனிக்கிழமைகளில் அவள் சிநேகிதி வீட்டில் போய்த் தங்குவதை நிறுத்தினேன்.

வலி நின்றுவிட்டது. தசரா விடுமுறை முழுக்க ஒரு தடவைகூட வரவில்லை. அங்கே தூக்கம் கெட்டதுதான் காரணம் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொன்னேன். மேல்கோட்டைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார் கணவர். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நாளாகியிருந்தது.

பிறகு ஒரு மத்தியானம், வகுப்பில்லாத நேரத்தில் ஏதோ எடுக்க லேபுக்குப் போனேன். இரும்பு பீரோவில் நெற்றியை அழுத்திக்கொண்டு என் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். சட்டையில் வாந்தி. வாயைத் துடைத்துவிட்டு, திரும்பவும் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"நிக்கவே இல்லம்மா."

"ஏண்டி சொல்லலை?"

"சொன்னா நீ இன்னொண்ணை நிறுத்துவே. டான்ஸ் கிளாஸ் ஒண்ணுதானே பாக்கி இருக்கு."

தண்ணீரை எதற்காகக் குறைக்கிறோம் என்று அவரைச் செடிக்குத் தெரியாது. தாகத்தை மறைக்கவும் அதற்குத் தெரியாது. இத்தனை நாள் நான் அளந்தது வலியை இல்லை. இன்னும் எதையெல்லாம் இழக்க இவள் தயாராக இருக்கிறாள் என்பதைத்தான் அளந்திருக்கிறேன்.

சாக்லேட், ஷட்டில், சிநேகிதி வீடு, எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி எதையும் நிறுத்த மாட்டேன் என்று சத்தியமும் செய்தேன். தலையாட்டினாள். நம்பினாள் என்று தோன்றவில்லை, நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

டாக்டர் இப்போது மாத்திரையை மாற்றியிருக்கிறார். அது கேட்கிறதா என்று சொன்னால்தான் மேற்கொண்டு ஏதாவது செய்ய முடியும் என்கிறார். அவளைத் தவிர அதைச் சொல்ல யாருமில்லை. நேற்றுச் சாயங்காலமும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இன்று எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

நான் கேட்டு முடிப்பதற்குள், "வலிக்கலைம்மா," என்றாள்.