எங்கள் ஊரைத் தெரிவு செய்த கடதாசி

எனக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகப் போகும், சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். முன்னுக்குப் பின்னாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை நாலு பேர் முன்னால் வாயால் சொல்லக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

கண்டி டவுனில் ஒரு மாடிக் கட்டடத்தில் நான் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு குண்டசாலையில். அதற்கு முன் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீட்டில், இருந்தோம். தமிழ் ஆட்களை அடித்த கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். கைப்பிள்ளையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் தேயிலைக்குள் படுத்துக் கிடந்தோம். பிறகு அங்கே போகவில்லை. கீழே வந்துவிட்டோம்.

மகள் பெரியவளாகி ஏ.எல். பரீட்சை முடித்து, கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போனாள். இரண்டு வருஷம் வேலை தேடினாள். கிடைக்கவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியைப் பார்க்க வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். அந்த நாட்டு ஆஸ்பத்திரிக் கடதாசிகளை எல்லாம் இங்கே அனுப்பி, நம் பிள்ளைகளை வைத்துக் கம்ப்யூட்டரில் அடிக்கிற வேலையாம். கொழும்பு சரிவராது, வேறு ஊர் வேண்டும் என்று மூன்று ஊர்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். காலி, குருநாகல், கடைசியாகக் கண்டி. மூன்றில் ஒன்றைத்தான் எடுப்பார்களாம்.

கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட சிங்கள ஐயா, மாத்தியா என்றுதான் கூப்பிடுவோம், என் மகளைப் பற்றித் தெரிந்தவர். "இங்க வந்தா உன் மகளுக்கும் உக்காந்து வேலை செய்ய ஒரு கதிரை இருக்கு" என்று சிங்களத்தில் சொன்னார். அன்றிலிருந்து மூன்றாம் மாடியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைத்தேன்.

வந்தவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மாவும், கொழும்பிலிருந்து வந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரும் இருந்தார்கள். கரண்ட் எத்தனை தரம் போகிறது என்று எழுதினார்கள். டெலிபோனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், தேத்தண்ணித் தட்டோடு போன என்னை அந்த அம்மா கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார்.  அப்படி ஒரு கதிரையில், அப்படி ஒருவர் முன்னால் நான் உட்கார்ந்ததே இல்லை. நுனியில் உட்கார்ந்தேன்.

அந்த ஐயா சொன்னார்: "அம்மா, இவ உங்களிட்ட ஒண்டு கேக்கிறா. போன வருசம் டவுனுக்குள்ள குண்டு வெடிச்சதெல்லோ, அதுக்கு அடுத்த நாளும் நீங்கள் வேலைக்கு வந்தனீங்களாம். மாத்தியா சொன்னவர். உங்களுக்குப் பயமில்லையோ?"

தோட்டத்தில் மேனேஜர் துரை நின்று கேட்டால் நாங்கள் ஒரே பதில்தான் சொல்வோம். கை ஒடிந்திருந்தாலும் குறை ஒன்றும் இல்லை என்போம். என் அம்மா அப்படித்தான் சொன்னாள், நானும் அப்படித்தான் பழகினேன். அதோடு மகளின் கதிரை வேறு கண்முன்னால் நின்றது.

"பயமெல்லாம் இல்லீங்க. எங்களுக்குப் பழகிப் போச்சு. எங்க ஊரு ஆளுங்க எது நடந்தாலும் வேலைக்கு வந்துருவோம்."

 ஐயா அதை இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே எழுதினார். நான் கோப்பைகளை எடுக்கும்போது ஐயா மெதுவாக, "ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்றார். "நெசந்தானுங்களே" என்றேன்.

கண்டிக்குத்தான் கிடைத்தது. மகளுக்கும் வேலை கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. டீக்காரியின் மகள் என்று யாரும் இளக்காரமாகப் பேசக்கூடாதே என்று, "ஆபீஸ்ல என்னைய தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத" என்றேன். "சரிதான், தேத்தண்ணி குடுக்கிறப்ப தேங்க் யூ மேடம்னு சொல்லிக்கிறேன்" என்று கிண்டல் செய்தாள். அவள் என் மகள் என்பதை மாத்தியாவும் வெளியே சொல்லவில்லை.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் கொழும்புப் பக்கம் பெரிய குண்டு என்று ரேடியோவில் சொன்னார்கள். கண்டியிலும் கடைகள் பாதி பூட்டு. மற்ற ஆபீசுகளில் பிள்ளைகளை வர வேண்டாம் என்றார்கள். மகளின் ஆபீசிலிருந்து பக்கத்துக் கடைக்கு டெலிபோன் வந்தது, கட்டாயம் வரச் சொல்லி. நான் விடிகிற நேரத்திலேயே வேலைக்குப் போய்விட்டேன். அவள் பின்னால் பஸ் ஏறியிருக்கிறாள்.

வழியில் பொலிசுக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்த்தார்கள். அவள் அட்டையில் பிறப்புப் பதிவில் இருந்த பழைய தோட்டத்து விலாசம், அவள் வாயால் சொன்னது குண்டசாலை. தமிழ்ப் பிள்ளை, விலாசமும் பொருந்தவில்லை என்று இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்குப் பத்து மணிக்கு மேல்தான் தெரியும். கையில் இருந்த தேத்தண்ணிக் கேத்தலை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. மாத்தியாதான் என்னோடு பொலிசுக்கு வந்தார். பின்னேரம் மூன்று மணிவரை வாசலில் நின்றோம். "இந்தப் பிள்ளையைச் சின்னதிலிருந்து தெரியும்" என்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விட்டார்கள். அடிக்கவில்லை. ஆனால் அவள் நெற்றியில் பொட்டு இல்லை. யார் அழித்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த நாள் அவள் ஆபீசுக்குப் போய், அவர்களுக்கு மேலாளாக இருந்த கொழும்புத் தமிழ்த் தம்பியிடம், இப்படிப்பட்ட நாட்களில் மட்டும் எங்களுக்கு லீவு தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் கோபப்படவில்லை. எங்கள் ஊரைத் தெரிவு செய்த ஃபைலை எடுத்து விரித்துக் காட்டினாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னாள்:

"மூணு ஊருக்கும் மார்க் போட்டிருக்காங்கம்மா. கரண்டு, டெலிபோன், ரோடு எல்லாத்துலயும் மத்த ரெண்டு ஊரும் நமக்கு மேல. ஒன்னே ஒன்னுலதான் நாம மேல. இந்த ஊரு ஆளுங்களுக்குக் கலவரம், குண்டெல்லாம் பழகிப் போச்சாம். எது நடந்தாலும் வேலைக்கு வந்துருவாங்களாம். கட்டடத்துல தேத்தண்ணி போடுற பொம்பளையே சொன்னதுன்னு எழுதியிருக்கு."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"நீங்கதானேம்மா?"

தலைக்குள் கொய்யென்று சத்தம் கேட்டது. தேயிலைக்குள் படுத்துக் கிடந்தபோதுகூட எனக்கு அப்படி ஆகவில்லை. அங்கே நெருப்பு வைத்தது வேறு ஆள். இங்கே என் வாயால், அதுவும் சிரித்துக்கொண்டு, நானே பிள்ளையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் தேத்தண்ணியைக் கொண்டுபோய் அந்தத் தம்பியின் மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.  மகள் தன் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அந்தக் கடதாசியில இருக்கிறது நான்தாங்க. நான் சொன்னது பொய். எங்களுக்குப் பயம். நெறையப் பயம். அத அடிச்சிட்டு மாத்தி எழுதுங்க."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, அன்பான சிரிப்புத்தான். "அம்மா, அது முடிஞ்சுபோன ஃபைல். அதோட, முந்தாநாள் டவுனே பாதி பூட்டிக் கெடந்துச்சு. நீங்க விடிய வந்து கூட்டினீங்கதானே? பயந்த ஆள் வருவாங்களா?"

 அவர் சொன்னதும் உண்மைதானே. வெறும் தட்டோடு படியிறங்கி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதமோ இரண்டு மாதமோ, மறுபடியும் அப்படி ஒரு காலை. மறுபடியும் டெலிபோன். மகள் சேலையை மடித்துக் குத்திக்கொண்டு நின்றாள். நான் வாசலில் குறுக்கே உட்கார்ந்தேன்.

"எந்திரிங்கம்மா, வேல போயிரும்."

"போகட்டும். நானும் போகல."

அவள் தாண்டிப் போகப் பார்த்தாள். காலைப் பிடித்துக்கொண்டேன். திட்டினாள், அழுதாள், பிறகு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அன்று டவுனில் ஒன்றுமே நடக்கவில்லை. பஸ் எல்லாம் சும்மா போய்ச் சும்மா வந்தது. ஒரு வாரத்தில் அவளை வேலையிலிருந்து நிறுத்திக் கடிதம் வந்தது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அதன் பிறகு நாவலப்பிட்டியில் ஒரு புத்தகக்கடையில் வேலைக்கு நின்றாள். ஒன்றும் நடக்காத அந்த நாளுக்காக என்மேல் அவளுக்கு நெடுநாள் கோபம் இருந்தது. இப்போது இருக்கிறதா, தெரியவில்லை.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தக் கடதாசியை நான் கண்ணால் பார்த்ததும் இல்லை. மகள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். மற்ற இரண்டு ஊர்கள் காலியும் குருநாகலும்தானா, இல்லை ஒன்று நீர்கொழும்பா என்பதும் சந்தேகமாக இருக்கிறது. என் சொல் ஒன்றுக்காகவா எங்கள் ஊரைத் தெரிவு செய்தார்கள், இல்லை நான்தான் பெரிதாக நினைத்துக்கொள்கிறேனா? அங்கே வேலை செய்த யாராவது இதைப் படித்தால், விவரம் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். பிழை இருந்தால் நீங்களே திருத்திவிடுங்கள்.