மேட்டில் விட்டு வந்த மூன்று முட்டைகள்

கொழுந்து பறிக்கத் தேயிலைக்குள் இறங்கும் முன் அம்மா மூன்று முறை கை தட்டுவாள். கீழ் கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் எல்லாப் பெண்களும் தட்டுவார்கள்தான், ஆனால் அம்மா தட்டினால் நாங்கள் குடியிருந்த லைன் வீடு வரை கேட்கும். செடிகளுக்கு நடுவே காட்டுமாடு படுத்திருக்கலாம், கரடி இருக்கலாம். ஆள் வருவது தெரிந்தால் அதுவாக எழுந்து போய்விடும், திடுக்கிட வைத்தால்தான் வம்பு. பல் துலக்குவதுபோல அவளுக்கு அது ஒரு பழக்கம். சொந்தக்காரர் வீட்டு வேலியோரம் புல் கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். அப்பா கேலி செய்து அலுத்துப்போயிருந்தார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, கோத்தகிரிக்கு மீன் விற்க வரும் ஒருவர் அப்பாவிடம் அந்த மேட்டைப் பற்றிச் சொன்னார். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே இருக்கும் அணையில் கோடையில் தண்ணீர் வற்றினால் நடுவில் ஒரு மண்மேடு தலைகாட்டுமாம். கடல் பறவை மாதிரி வெள்ளைப் பறவைகள் அதில் கூட்டமாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்குமாம். அவை ஆற்று ஆலாக்கள் என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் குஞ்சுகளைப் பார்க்காவிட்டால் எனக்கு உயிரே போய்விடும் போலிருந்தது. ஒரு மாதம் நச்சரித்ததில் அப்பா ஃபேக்டரியில் லீவு சொன்னார். அம்மாவும் வருகிறேன் என்றதுதான் எங்களுக்கு ஆச்சரியம். கல்யாணம், இழவு தவிர வேறு எதற்கும் அவள் மலை இறங்கியதில்லை. நல்ல சேலை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தவள், மேட்டுப்பாளையம் வெயிலிலும் அதைக் கழற்ற மாட்டேன் என்றாள்.

மீன்காரர் தன் பரிசலிலேயே எங்களைக் கூட்டிப்போனார். கரையோரமாக நின்று பார்க்க வேண்டும், உள்ளே போகக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மேட்டில் கால் வைத்தபோது பறவைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. மஞ்சள் அலகு, தலையில் கறுப்புத் தொப்பி. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீரோரம் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கோரை வளர்ந்திருந்தது. அதற்குள் கால் எடுத்து வைக்குமுன் அம்மா கை தட்டினாள். மூன்று முறை.

மேடே எழுந்து பறந்தது. தலைக்கு மேல் ஒரே கூச்சல்.

"ஏனுங்க அம்மிணி, எதுக்குங்க தட்டுனீங்க?" என்றார் மீன்காரர். கோபம்கூட இல்லை, புரியாமல்தான் கேட்டார்.

"புல்லுக்குள்ள ஏதாச்சும் படுத்திருந்தா?" என்றாள் அம்மா. சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் மாறிவிட்டது.

அவள் காலடியில் வெறும் மண்ணில் சின்னக் குழி, அதற்குள் புள்ளி போட்ட மூன்று முட்டைகள். அம்மா குனிந்து பக்கத்தில் தரையைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "கொதிக்குது. நாம நின்னா அதுங்க எறங்காது, முட்டை வெந்துபோயிரும். கெளம்புங்க" என்றாள். வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு குஞ்சைக்கூட நான் பார்க்கவில்லை. வரமாட்டேன் என்று முரண்டு பிடித்த என்னைத் தூக்கிப் பரிசலில் போட்டாள்.

"உன்னையக் கூட்டிட்டே வந்திருக்கக் கூடாது" என்றேன். அப்பா அதட்டினார். அம்மா மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நாங்கள் நின்ற இடத்துக்கு மேலே மட்டும் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தவரை அது இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா எங்களோடு எங்கேயும் வரவில்லை. பள்ளிக்கூட விழாவா, ஊட்டியில் பூக்காட்சியா, எதற்குக் கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க" என்ற ஒரே பதில்தான். என் வாயால் வந்த வினை என்று எனக்குத் தெரியும். பெரியவளாகி, குன்னூரில் குடும்பமாகி, எனக்கும் ஒரு மகள் பிறந்த பிறகும் அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்து, ஃபோனில் மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்திருக்கிறேன்.

போன கோடையில் மகளுக்கு அந்த மேட்டைத் தூரத்திலிருந்தாவது காட்டலாம் என்று கிளம்பினேன். முதலில் அம்மா வீட்டுக்குப் போய் அவளையும் கூப்பிட்டேன். அதே பதில். அன்றைக்கு விடக்கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்குப் பரிசல்ல உன்னைய அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. தப்பு என்னோடதுதான்."

"என்ன சொன்ன?" என்றாள். யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை. "அதை விடு. அந்த மூணு முட்டை பொரிச்சிருக்குமா?"

இத்தனை வருஷமும் நான் என் சொல்லைச் சுமந்துகொண்டிருக்க, அவள் சுமந்தது அந்த முட்டைகளை.

"பொரிச்சிருக்கும்மா" என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்தாள். "நீ பாத்தியா?"